எல்லை எங்கே நகர்கிறது: பொருளாதார ஒன்றியமும் பயணியும், குரோஷியாவை முன்வைத்து

பொருளாதார ஒன்றியங்கள் சரக்குக்காக உருவானவை. கோதுமை, மோட்டார் வாகனம் போன்றவை சுங்கவரி இல்லாமல் எல்லை கடக்க வேண்டும் என்பதே 1957இல் ஆறு நாடுகள் ரோம் நகரில் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் முதல் அக்கறை. ஆட்களின் நடமாட்டமும் அதில் பேசப்பட்டது; ஆனால் அந்த உடன்படிக்கை மனத்தில் வைத்திருந்த ஆள், வேலை தேடிப் போகும் தொழிலாளி. கடற்கரை பார்க்கவோ, பக்கத்து நாட்டில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கவோ புறப்படும் பயணி மிகவும் பிந்தித்தான் கணக்கில் வந்தார். அதனால்தான் ஒரு நாடு ஒன்றியத்தில் சேர்ந்த மறுநாளே அதன் எல்லைச் சாவடிகள் மறைந்துவிடும் என்றும், பயணம் மலிவாகிவிடும் என்றும் எதிர்பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏமாந்தார்கள்.

பொருளியலாளர் பேலா பலாஸா 1961இல் எழுதிய நூலில், நாடுகள் நெருங்கி வருவதைப் படிப்படியாக வகுத்தார்: முதலில் தடையிலா வணிகப் பகுதி, பிறகு எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே வெளிவரி கொண்ட சுங்க ஒன்றியம், அதன்மேல் உழைப்பும் மூலதனமும் தாராளமாக நகரும் பொதுச் சந்தை, பிறகு கொள்கைகளும் ஒத்துப்போகும் பொருளாதார ஒன்றியம். இந்தப் படிகளில் எதை ஏறினாலும் கடவுச்சீட்டுச் சோதனை தானாக நீங்குவதில்லை. ஐரோப்பாவில் அதற்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே, மொசெல் ஆற்றில் நின்ற ஒரு படகில், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. அது அன்றைய ஐரோப்பியச் சமூகத்தின் சட்டத்துக்கு வெளியே செய்துகொண்ட ஒப்பந்தம். நடைமுறைக்கு வர 1995 மார்ச் வரை ஆயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குள் அது சேர்க்கப்பட்டது 1999இல். பொது நாணயமான யூரோ இதற்கும் வேறான மூன்றாவது ஏற்பாடு.

இந்த மூன்றும் தனித்தனி என்பதை வரைபடமே காட்டும். அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, யூரோவில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. பிரிட்டனோடு 1920களிலிருந்து அது வைத்திருக்கும் பொதுப் பயண ஏற்பாடு அதைவிட முக்கியமாகப்பட்டது. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, ஆனால் 2008 டிசம்பரிலிருந்து ஷெங்கனில் இருக்கிறது. ஆளுக்குச் சோதனை இல்லாத அதன் எல்லையில் சரக்குக்குச் சோதனை உண்டு.

இவற்றில் எது பயணிக்கு எதைத் தந்தது என்று பிரித்தறிய குரோஷியாவைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அது ஒன்றியத்தில் சேர்ந்தது 2013 ஜூலை 1. ஷெங்கனிலும் யூரோவிலும் சேர்ந்தது 2023 ஜனவரி 1. நடுவே ஒன்பதரை ஆண்டுகள். நாற்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட, நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றுலாவிலிருந்து பெறும் நாடு அது. அதன் விருந்தினரில் பெரும்பங்கினர் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா ஆகிய நாடுகளிலிருந்து சொந்தக் காரில் வருகிறவர்கள். ஆக, அங்கே எல்லை விதி என்பது அலுவலகக் காகிதத்தோடு நின்றுவிடும் விஷயமாக இருந்ததில்லை. ஆகஸ்ட் மாத வெயிலில் காரில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை அது நேரடியாகத் தொட்டது.

1991 வரை குரோஷியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும், குரோஷியாவுக்கும் போஸ்னியாவுக்கும் இடையே இருந்தவை யூகோஸ்லாவியா என்ற ஒரே நாட்டின் உட்பிரிவுக் கோடுகள். அந்நாடு உடைந்தபோது கோடுகள் எல்லைகளாயின, சாவடிகள் முளைத்தன. 2004இல் ஸ்லோவேனியாவும் ஹங்கேரியும் ஒன்றியத்தில் சேர்ந்து, 2007 டிசம்பர் 21 அன்று ஷெங்கனிலும் நுழைந்ததும், குரோஷியாவை ஒட்டிய அவற்றின் எல்லை ஷெங்கன் முழுமைக்குமான வெளிவேலியாயிற்று. ஒரு தலைமுறைக்குள் ஒரே கோடு மாவட்ட எல்லையைப் போலிருந்து சர்வதேச எல்லையாகவும், பின்னர் பல நாடுகளின் கூட்டு மதிலாகவும் மாறியது.

2013 ஜூலையில் குரோஷியா சேர்ந்தபோது அந்தச் சாவடிகளில் சுங்கச் சோதனை எடுக்கப்பட்டது. கடவுச்சீட்டுச் சோதனை நீடித்தது. இரு நாட்டுக் காவலரும் ஒரே இடத்தில் நின்று சேர்ந்து பார்க்கும் ஏற்பாடு வந்ததால் வண்டி இரண்டு முறை நிற்க வேண்டியதில்லை என்ற அளவுக்கு நிம்மதி கிடைத்தது. பயணியின் சட்ட நிலை மாறியதுதான் பெரிய மாற்றம். ஒன்றியக் குடிமக்கள் அடையாள அட்டையை மட்டும் காட்டி உள்ளே வரலாம், வேறு நிபந்தனை இன்றி மூன்று மாதம் தங்கலாம் என்பது ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு ஆணை தரும் உரிமை. அதற்கு முன் அது குரோஷிய அரசு விரும்பித் தந்த சலுகை; சலுகையை எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ளலாம். உரிமையை மறுக்க வேண்டுமானால், குறிப்பிட்ட அந்த நபரால் பொது ஒழுங்குக்கோ பாதுகாப்புக்கோ பொதுச் சுகாதாரத்துக்கோ ஆபத்து என்று காரணம் காட்ட வேண்டும். எனினும் பயணம் செய்யும் உரிமை வேறு, வேலை செய்யும் உரிமை வேறு. குரோஷியத் தொழிலாளருக்கு மற்ற நாடுகள் ஏழு ஆண்டு வரை கட்டுப்பாடு விதிக்க இடமிருந்தது. ஆஸ்திரியா அதைக் கடைசி நாளான 2020 ஜூன் 30 வரை முழுமையாகப் பயன்படுத்தியது.

இந்த இடைக்காலம் எவ்வளவு கடினமானது என்பது 2017 ஏப்ரலில் வெளிப்பட்டது. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பிறகு, வெளியெல்லையில் ஒன்றியக் குடிமக்களின் ஆவணங்களையும் ஒவ்வொன்றாகத் தரவுத்தளத்தில் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அந்த மாதம் அமலுக்கு வந்தது. அதுவரை அவர்களின் அட்டையை ஒரு பார்வை பார்த்து அனுப்புவது வழக்கம். ஸாக்ரெபிலிருந்து ல்யுப்ல்யானா போகும் நெடுஞ்சாலையில் உள்ள ப்ரெகானா சாவடியில் மணிக்கணக்கில் வாகனங்கள் நின்றன. இரண்டு பக்கமும் ஒன்றிய உறுப்பு நாடுகள். சோதிக்கப்பட்டவர்களும் ஒன்றியக் குடிமக்கள். ஒன்றியத்தில் சேர்வதும் எல்லை மறைவதும் ஒன்றல்ல என்பதை அந்த வரிசையில் நின்றவர்கள் நன்றாகவே அறிந்திருப்பார்கள்.

ஷெங்கனில் சேர, நாடு தயார் என்று மதிப்பிடப்பட வேண்டும். பிறகு ஏற்கெனவே உள்ள உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். குரோஷியா நிபந்தனைகளை நிறைவேற்றத் தேவையானவற்றைச் செய்துவிட்டது என்று ஐரோப்பிய ஆணையம் 2019 அக்டோபரில் அறிவித்தது. அரசுகளின் இறுதி முடிவு வந்தது 2022 டிசம்பர் 8 அன்று. 2007இலேயே ஒன்றியத்தில் சேர்ந்துவிட்ட ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் அதே கூட்டத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. ஆஸ்திரியாவின் எதிர்ப்பு முக்கியக் காரணம். பல்கேரியாவை நெதர்லாந்தும் எதிர்த்தது. அவ்விரு நாடுகளுக்கும் விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் சோதனை நீங்கியது 2024 மார்ச் இறுதியில். தரைவழியில் 2025 ஜனவரி 1 அன்று. சேர்ந்து பதினெட்டு ஆண்டுகள். அத்தனை காலமும் அவ்விரு நாடுகளுக்கிடையே உள்ள டான்யூப் பாலத்தின் இருபுறமும் நின்ற லாரி ஓட்டுநரின் காத்திருப்பு நேரம், கடைசியில் கடையில் பொருள் வாங்குகிறவரின் விலையில்தான் ஏறியது.

குரோஷியாவில் 2023 புத்தாண்டு நள்ளிரவில் ஸ்லோவேனியா, ஹங்கேரி எல்லைகளில் 73 தரைவழிக் கடவுகளில் சோதனை நிறுத்தப்பட்டது. விமான நிலையங்களுக்கு மட்டும் மார்ச் 26 வரை தவணை. விமான நேர அட்டவணை அந்த நாளில்தான் கோடைக்கு மாறும்; பயணிகள் செல்லும் வழிகளையும் கதவுகளையும் மாற்றியமைக்க அந்த இடைவெளி வேண்டியிருந்தது.

குரோஷிய எல்லையின் கதையில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் நெயும். அட்ரியாடிக் கரையோரமாக வடக்கிலிருந்து டுப்ரோவ்னிக் நோக்கிச் செல்லும் சாலை, வழியில் சுமார் ஒன்பது கிலோமீட்டர் தூரம் போஸ்னியா-ஹெர்சகோவினாவுக்குள் புகுந்து வெளியே வருகிறது. போஸ்னியாவுக்குக் கடல் என்று இருப்பது அந்தச் சிறு துண்டு மட்டுமே. 1699இல் கையெழுத்தான கார்லோவிட்ஸ் உடன்படிக்கைக் காலத்தில், டுப்ரோவ்னிக் குடியரசு தனக்கும் வெனிசுக்கும் இடையே ஒரு தடுப்பு இருக்கட்டும் என்று நெயும் பகுதியை ஒட்டோமான் பேரரசிடம் விட்டுக்கொடுத்தது. வெனிசும் போயிற்று, ஒட்டோமான் பேரரசும் போயிற்று. கோடு மட்டும் நின்றது. யூகோஸ்லாவியா உடைந்தபின், ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகும் குரோஷியர், தன் நாட்டிலிருந்து தன் நாட்டுக்கே போக, க்லெக்கில் ஒருமுறையும் ஸாட்டோன் டோலியில் ஒருமுறையும் எல்லைச் சோதனைக்கு நிற்க வேண்டியதாயிற்று.

குரோஷியா ஒன்றியத்தில் சேர்ந்ததும் இந்தச் சிக்கல் கூடியது. இரண்டு சாவடிகளும் ஒன்றியத்தின் வெளியெல்லையாயின. வெளிநாட்டிலிருந்து ஒன்றியத்துக்குள் இறைச்சியோ பால்பொருளோ கொண்டுவரக் கூடாது என்ற விதி இங்கும் பொருந்தியது. ஷெங்கனில் சேரும் நாள் நெருங்க நெருங்க ஆவணச் சோதனையும் இறுகியது. தீர்வு, கோட்டைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு பாலம். பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்தை நாட்டின் மற்றப் பகுதியோடு இணைக்கும் 2.4 கிலோமீட்டர் பாலத்துக்கு ஒன்றியம் 2017இல் 35.7 கோடி யூரோ ஒதுக்கியது. கட்டியது சீன நிறுவனம். திறந்தது 2022 ஜூலை 26. ஒன்றியத்தில் சேர்வதால் வரும் நன்மையும் சுமையும் ஒரே இடத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அபூர்வம். உறுப்புரிமை எல்லையைக் கடினமாக்கியது. அந்தக் கடினத்தைத் தாண்டிப் போக அதே உறுப்புரிமைதான் பணமும் தந்தது. நெயுமில் பாதி வழியில் நிற்கும் பயணிகளை நம்பியிருந்த உணவகங்களுக்கும் கடைகளுக்கும் அந்தப் பணத்தில் பங்கில்லை.

எல்லை விதியிலிருந்து செலவுக்கு வந்தால், முதலில் விமானக் கட்டணம். 1980கள் வரை ஐரோப்பாவில் இரண்டு நாடுகளுக்கிடையே எத்தனை விமானம் பறக்கலாம், எத்தனை இருக்கை விற்கலாம், என்ன விலை என்பதை அந்த இரு அரசுகளும் பேசி முடிவு செய்தன. பெரும்பாலும் ஆளுக்கொரு தேசிய நிறுவனம், ஆளுக்குப் பாதி. 1986இல் பிரிட்டனும் அயர்லாந்தும் தங்களுக்குள் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும், ரயன்ஏர் டப்ளினிலிருந்து லண்டனுக்கு அதுவரை இருந்த மிகக் குறைந்த கட்டணத்தில் பாதிக்கும் குறைவாக டிக்கெட் விற்றது. 1987, 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று சட்டத்தொகுப்புகள் இந்தச் சுதந்திரத்தை ஒன்றியம் முழுமைக்கும் விரித்தன. 1993 ஜனவரி முதல் ஒன்றியத்தில் உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் உறுப்பு நாடுகளிடையே எந்த வழித்தடத்திலும் பறக்கலாம், விலையைத் தானே வைக்கலாம். 1997 ஏப்ரல் முதல் வேறொரு நாட்டின் உள்நாட்டு வழித்தடத்திலும் பறக்கலாம்.

புதிதாகச் சேரும் நாட்டுக்கு இந்த மொத்தச் சட்டமும் முதல் நாளே கிடைக்கிறது. போலந்து 2004 மே 1 அன்று சேர்ந்தது. விஸ் ஏர் நிறுவனத்தின் முதல் விமானம் மே 19 அன்று போலந்தின் கடோவிட்ஸேயிலிருந்து லண்டனின் லூட்டனுக்குப் பறந்தது. ஆனால் இதற்கு உறுப்புரிமை கட்டாயம் இல்லை. மேற்கு பால்கன் நாடுகளோடு 2006இல் செய்துகொண்ட பொது வான்பரப்பு உடன்படிக்கையால், ஒன்றியத்தில் சேர ஏழாண்டு முன்பே குரோஷியாவின் வானம் திறக்கத் தொடங்கிவிட்டது. அதே 2006இன் கடைசியில் மொராக்கோவும் இத்தகைய உடன்படிக்கையைச் செய்துகொண்டது. அது ஒன்றியத்தில் சேரும் வாய்ப்பு இல்லாத நாடு. விலையைக் குறைத்தது போட்டி. சட்டம் போட்டிக்குக் கதவைத் திறந்ததே தவிர, எல்லா வழித்தடத்திலும் போட்டியாளர் வந்து நிற்கவில்லை. ஒரே நிறுவனம் பறக்கும் தடத்தில் கட்டணம் இறங்குவதற்குக் காரணமே இல்லை. மலிவு விமானங்கள் நகரத்துக்குத் தொலைவான சிறு நிலையங்களில் இறங்குவதால், டிக்கெட்டில் மிச்சப்பட்டதில் ஒரு பங்கு பேருந்துக் கட்டணமாகப் போவதும் உண்டு.

உறுப்புரிமையோடு சேர்ந்தே வருவது பயணியின் பாதுகாப்பு. விமானம் ரத்தானாலோ மிகவும் தாமதமானாலோ, தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ இழப்பீடு கேட்க 2005 பிப்ரவரியிலிருந்து உரிமை உண்டு. விளம்பரத்தில் காட்டும் விலை, வரி உட்பட முழு விலையாக இருக்க வேண்டும் என்பது 2008 விதி. ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர் வேறு உறுப்பு நாட்டில் நோயுற்றால், உள்ளூர்க்காரருக்கு என்ன செலவோ அதே செலவில் அரசு மருத்துவம் பெறுகிறார். இவை டிக்கெட் விலையில் தெரியாது. பயணம் கெடும்போதுதான் தெரியும்.

கைபேசிக் கட்டணத்தில் மாற்றம் நாள் குறித்து வந்தது. 2013 ஜூலை 1 அன்றே ஒன்றியத்தின் ரோமிங் உச்சவரம்பு குரோஷியாவுக்கும் பொருந்தியது: பேசினால் நிமிடத்துக்கு 24 சென்ட், அழைப்பை ஏற்றால் 7 சென்ட், குறுஞ்செய்திக்கு 8 சென்ட், ஒரு மெகாபைட் இணையத்துக்கு 45 சென்ட், இவற்றின்மேல் வரி. 2017 ஜூன் 15 முதல் கூடுதல் கட்டணமே இல்லாமல் போயிற்று. அந்த விதி 2032 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இங்கும் எல்லை வெளியே நகர்ந்தது. போஸ்னிய எல்லையோரக் கிராமத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவரின் கைபேசி, அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் வெளிநாட்டுக் கட்டணம் ஏறிவிடும்.

நாணயம் மாறியது கடைசியில். 2023 ஜனவரி 1 அன்று, குரோஷியாவின் பழைய நாணயமான குனாவில் 7.53450 ஒரு யூரோவாயிற்று. ஜெர்மனியிலிருந்து வரும் குடும்பத்துக்குப் பணம் மாற்றும் கழிவும், கார்டில் ஏறும் மாற்றுக் கட்டணமும் மிச்சம். விலைகளை ஒப்பிடுவதும் எளிதாயிற்று. ஆனால் அந்த ஜனவரியிலேயே காபிக் கடையிலும் முடிதிருத்தகத்திலும் விலைகளை மேல்நோக்கி முழுமையாக்கிவிட்டார்கள் என்று மக்கள் கொதித்தார்கள். டிசம்பர் 31 விலைக்குத் திரும்புங்கள் என்று அரசே வணிகர்களிடம் கறாராகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் ஐரோப்பா முழுதும் விலைவாசி ஏறிக்கொண்டிருந்ததால் நாணய மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. இரண்டு நாணயத்திலும் விலையை எழுதிவைக்க வேண்டும் என்ற கட்டாயம் 2023 முடியும்வரை நீடித்ததால், விலையேற்றம் நடந்த இடத்தில் அதை மக்கள் கண்ணால் பார்க்க முடிந்தது. இது நல்ல ஏற்பாடு.

ஒன்றியம் கட்டணங்களை ஒழிப்பதில்லை. ஊர்க்காரருக்கு ஒரு விலை, வெளியாருக்கு ஒரு விலை என்பதைத்தான் தடுக்கிறது. வெனிசின் டோஜெஸ் அரண்மனை உள்ளிட்ட அருங்காட்சியகங்களில் இத்தாலிய முதியவர்களுக்கும் உள்ளூர் முதியவர்களுக்கும் மட்டும் சலுகை தந்தது தவறு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கார்களுக்குச் சாலைக் கட்டணம் விதித்துவிட்டு, உள்நாட்டார் கட்டிய அதே தொகையை அவர்களுடைய வாகன வரியில் கழித்துக்கொடுக்க ஜெர்மனி போட்ட திட்டம் 2019 ஜூனில் அதே நீதிமன்றத்தில் விழுந்தது. குரோஷியாவுக்குப் போகும் வழியில் இதே போன்ற ஒரு சிக்கல் இருந்தது. ஸ்லோவேனியா 2008இல் நெடுஞ்சாலைக்குக் காரில் ஒட்டும் கட்டண வில்லை முறையைக் கொண்டுவந்தபோது கார்களுக்கு அரையாண்டு, முழு ஆண்டு வில்லைகள் மட்டுமே இருந்தன. சில மணி நேரத்தில் நாட்டைக் கடந்து அட்ரியாடிக் போகும் பயணியும் அரையாண்டுக்குக் கட்ட வேண்டியிருந்தது. வெளிநாட்டார்மேல் இது கூடுதலாக விழுகிறது என்று ஐரோப்பிய ஆணையம் தலையிட்டபின், 2009இல் ஒரு வார வில்லையும் ஒரு மாத வில்லையும் வந்தன.

தமிழகத்துப் பயணிக்கு இந்தக் கோட்பாட்டின் சிறு சாயல் மாமல்லபுரத்தில் கிடைக்கும். இந்தியத் தொல்லியல் துறையின் நுழைவுச் சீட்டு இந்தியருக்கு 40 ரூபாய், அயல்நாட்டாருக்கு 600 ரூபாய் என்று இருக்கும்போது, சார்க், பிம்ஸ்டெக் ஆகிய வட்டாரக் கூட்டமைப்புகளின் நாடுகளிலிருந்து வருவோருக்கு இந்தியரின் கட்டணமே போதும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் குடும்பம் கடற்கரைக் கோயிலில் இந்தியராகவே எண்ணப்படுகிறது. விசாவில் அந்தத் தாராளம் இல்லை. 1992இல் தொடங்கிய சார்க் விசா விலக்குத் திட்டம் நீதிபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், செய்தியாளர்கள் போன்ற 24 வகையினரோடு நின்றுவிட்டது. மறுபுறம், இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையே எல்லை திறந்திருப்பது எந்தப் பொருளாதார ஒன்றியத்தாலும் அல்ல. 1950ஆம் ஆண்டு உடன்படிக்கை அதற்கு அடித்தளம்.

சேர்வதால் பயணிக்கு இழப்பும் உண்டு. ஒன்றியத்துக்குள்ளே பறப்பவருக்குத் தீர்வை இல்லாத விற்பனை 1999 ஜூனோடு நின்றது. 2013இல் குரோஷிய விமான நிலையங்களிலும் அதே நிலை. பதிலாக, வரி கட்டி வாங்கிய பொருளைச் சொந்த உபயோகத்துக்கு ஏராளமாகக் கொண்டுபோகலாம். விமானங்களின் கரிம வெளியீட்டுக்கு விலை வைக்கும் திட்டமும் உறுப்புரிமையோடு வருகிறது. அது டிக்கெட்டில் மெல்ல ஏறுகிறது.

ஆனால் உள்ளே இருப்பவர் இழப்பது சிறிது. மிகுந்த விலை கொடுப்பவர் கோட்டுக்கு வெளியே நிற்கும் அண்டை வீட்டார். போலந்துக்கும் உக்ரைனுக்கும் இடையே விசா இல்லாமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். போலந்து ஒன்றியத்தில் சேர ஆயத்தமானபோது, 2003 அக்டோபர் 1 முதல் உக்ரைனியருக்கு விசா வந்தது. அப்போது அதற்குக் கட்டணம் இல்லை. 2007 டிசம்பரில் போலந்து ஷெங்கனில் சேர்ந்ததும் விசாவுக்கு 35 யூரோ கட்டும் நிலை வந்தது. மெடிகா சாவடி வழியாகத் தினம் போய்வந்து சிறு வணிகம் செய்த லிவிவ் பகுதி மக்களுக்கு அந்தத் தொகையும், அதற்கான காகிதங்களும், வரிசையும் பிழைப்பையே குலைத்தன. எல்லையோர மக்களுக்குத் தனி அனுமதி அட்டை தரும் ஏற்பாடு பிறகு வந்து ஓரளவு காயத்தை ஆற்றியது; 2017 ஜூனில் உக்ரைனியருக்கு விசாவே விலக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் ஒரு பகுதி மக்களின் வாழ்க்கையில் குறைந்த காலமல்ல. குரோஷியாவும் இதே போல், தான் சேர்வதற்கு மூன்று மாதம் முன்பு, 2013 ஏப்ரல் 1 முதல் ரஷ்யருக்கும் உக்ரைனியருக்கும் விசாவைக் கட்டாயமாக்கியது.

போஸ்னியா, செர்பியா, மாண்டினீக்ரோ ஆகியவற்றோடு குரோஷியாவுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் எல்லை உண்டு. இன்று அது ஷெங்கனின் வெளியெல்லை. அதைக் காக்கத் தகுதி உண்டு என்று காட்டுவதே சேர்க்கைக்கான முக்கியத் தேர்வாக இருந்தது. அந்தத் தேர்வின் அழுத்தத்தில் அடைக்கலம் தேடி வந்தவர்கள் விண்ணப்பம் கேட்கப்படாமல் திருப்பித் துரத்தப்பட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் பலமுறை ஆவணப்படுத்தின. 2017 நவம்பரில் செர்பிய எல்லையில், ஓர் ஆப்கான் குடும்பம் இரவில் ரயில் பாதை வழியே திரும்பிப் போனபோது அவர்களுடைய ஆறு வயதுச் சிறுமி ரயிலில் அடிபட்டு இறந்தாள். அந்த மரணத்தைக் குரோஷியா முறையாக விசாரிக்கவில்லை என்றும் பிற உரிமைகளையும் மீறியது என்றும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 நவம்பரில் தீர்ப்பளித்தது. பயணச் செலவைப் பற்றிய எந்தக் கணக்கும் இந்த உயிரை விட்டுவிட்டுப் போடப்படக் கூடாது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு 2023 வேறு விதமாக அமைந்தது. அதற்கு முன் பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா இருந்தால் குரோஷியாவுக்குள்ளும் போகலாம். அது இல்லாதவர் குரோஷியாவுக்கென்று தனி விசா எடுக்க வேண்டும், அந்த விசாவை வைத்துப் பக்கத்து ஸ்லோவேனியாவுக்குள் நுழைய முடியாது. இப்போது ஒரே விசா. கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 யூரோ ஆயிற்று, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் திரும்பக் கிடைக்காது; குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். அதே சமயம், எந்த 180 நாளிலும் 90 நாள் என்ற கணக்கில் குரோஷியாவில் தங்கிய நாட்களும் இப்போது சேர்கின்றன. முன்பு ஷெங்கனில் நாள் தீர்ந்தவர்கள் குரோஷியாவில் போய்த் தங்கிக் காத்திருப்பது வழக்கம். அந்த வழி அடைபட்டது.

சோதனை நீங்கிய எல்லையில் அது திரும்பவும் வரலாம். கடும் அச்சுறுத்தல் இருந்தால் உள்ளெல்லையில் தற்காலிகமாகச் சோதனை வைக்க ஷெங்கன் விதியே இடம் தருகிறது. பிரான்ஸ் 2015 நவம்பரிலிருந்து அதைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறது. ஜெர்மனி 2024 செப்டம்பரில் எல்லாத் தரையெல்லைகளிலும் சோதனை தொடங்கியது. குரோஷியாவுக்கு எல்லைச் சோதனையிலிருந்து விடுதலை கிடைத்துப் பத்து மாதம்கூட நிறையாத நிலையில், 2023 அக்டோபர் 21 அன்று ஸ்லோவேனியா அதன் எல்லையில் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்து, பிறகு நீட்டித்துக்கொண்டே போயிற்று. எல்லா வண்டியையும் நிறுத்தாமல் சிலவற்றை மட்டும் பார்ப்பதால் 2017இன் வரிசை திரும்பவில்லை. ஆனால் 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு இவ்வளவு நீளம் தருவது விதியின் நோக்கத்துக்கே எதிரானது.

விலகிய நாட்டைப் பார்த்தால் இதே கணக்கு தலைகீழாகத் தெரியும். பிரிட்டன் ஷெங்கனில் ஒருபோதும் இல்லை. ஆகவே அதன் பயணிகள் முன்பும் கடவுச்சீட்டைக் காட்டியவர்களே. ஆனால் 2021 ஜனவரியிலிருந்து அவர்கள் 90 நாள் கணக்குக்கு உட்பட்டார்கள். கடவுச்சீட்டு பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டியதாயிற்று. கைபேசி நிறுவனங்களில் சில ரோமிங் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தன. ஈஸிஜெட் விமான நிறுவனம் ஒன்றியத்துக்குள் தொடர்ந்து பறப்பதற்காக 2017இலேயே வியன்னாவில் தனி நிறுவனம் அமைத்தது. விமானக் கட்டணம் பழைய நிலைக்கு ஏறிவிடவில்லை. எதிர்த்திசையில், 2025 ஏப்ரல் முதல் ஐரோப்பியர் பிரிட்டனுக்குள் நுழைய மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும். முதலில் 10 பவுண்டாக இருந்த கட்டணம் சில நாட்களிலேயே 16 பவுண்டு ஆயிற்று.

ஷெங்கனின் வெளியெல்லையில் 2025 அக்டோபர் 12 முதல், கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக விரல்ரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்தது. தங்கிய நாட்களை இனி கணினி எண்ணும். குரோஷியாவுக்குள் வரும் போஸ்னியர், செர்பியர், பிரிட்டானியர், இந்தியர் எல்லோரும் இதில் பதிவாகிறார்கள். அடுத்ததாக, விசா தேவைப்படாத நாட்டினர் புறப்படுமுன் 20 யூரோ கட்டி அனுமதி பெறும் முறை 2026இன் இறுதிக் காலாண்டுக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. போஸ்னியருக்கும் பிரிட்டானியருக்கும் அது புதுச் செலவு. விசா எடுத்தே போக வேண்டிய இந்தியருக்கும் இலங்கையருக்கும் அது பொருந்தாது.